குதிரைத்தொட்டிச் சந்தியில் மீனம்மா உட்கார்ந்தாள்

செருப்புக் கதையை முதலில் முடித்துவிடுகிறேன். அதை வைத்துத்தானே வேலாயி லயத்து வீடுகள் முழுக்கப் பேசிக்கொண்டு திரிகிறாள்.

மீனம்மா வீட்டு முன்திண்ணையில், இஸ்தோப்பில், ஆம்பளைச் செருப்பு கிடந்தது என்கிறாள். கிடந்தது. நானும் பார்த்தேன், பக்கத்துக் காம்பராதானே என்னுடையது. ஆனால் ஒற்றைச் செருப்புதான் கிடந்தது. ஒற்றைச் செருப்பை மாட்டிக்கொண்டு எந்த ஆம்பளை பெண் இருக்கிற வீட்டுக்கு வருவான்? நொண்டியடித்துக்கொண்டா வருவான்? இதைக் கேட்டால் வேலாயி வாயை மூடிக்கொள்கிறாள். பீலிக்கரைக்குத் தண்ணீர் எடுக்கப் போனதும் மறுபடி திறந்துவிடுகிறாள்.

நேற்றுக்கூட குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு என்னிடமே கேட்டாள்.

"அப்ப மத்தச் செருப்பு எங்க போச்சு? அதச் சொல்லுங்க மொதல்ல."

"அது அந்த ஆளு கால்ல இருந்துச்சு."

"பாத்தீங்களா, ஆளு இருக்கான்னு நீங்களே சொல்றீங்க!"

"இருக்காரு. இல்லேன்னு யாரு சொன்னா? செருப்பு எப்படி வந்துச்சுங்கிறதுதான் பேச்சு. கொடத்த எறக்கி வச்சிட்டுக் கேளு."

அவள் எங்கே கேட்டாள்? குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அவள் கேட்காததை மற்றவர்களுக்குச் சொல்கிறேன்.

மீனம்மா எங்கள் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறவள். அம்மா செத்தபோது அவள் பாவாடை நாடாவைத் தானே கட்டிக்கொள்ளப் பழகியிருந்த பிள்ளை. தம்பி அழகன் தவழ்ந்துகொண்டிருந்தான். அவனை இடுப்பில் வைத்துக்கொண்டே வளர்ந்தாள். இன்றைக்கும் ஒரு பக்கம் சாய்ந்துதான் நடப்பாள், பார்த்திருப்பீர்கள். அந்தச் சாய்வு அழகனுடையது. பெண் கேட்டு வந்தவர்களிடமெல்லாம், "தம்பி ஒரு ஆளாகட்டும், பொறகு பாப்போம்" என்றாள். தம்பி ஆளானான், பிரியந்தியைக் கட்டினான், பிள்ளைகளைப் பெற்றான், முன்மண்டையில் வழுக்கையும் விழுந்தது. அதற்குப் பிறகு பெண் கேட்டு யாரும் வரவில்லை.

அவள் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. காலையில் வேலைக்குப் பேர் பதிகிற பெரட்டுக்குப் போவதற்கு முன்னால் ரொட்டி சுட்டு எல்லோருக்கும் கொடுத்துவிட்டு, தன் பங்கை நின்றபடியே தின்பாள். மலையிலும் நின்றுதான் கொழுந்து எடுக்க வேண்டும். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் நாற்காலியில் அழகன் இருப்பான். கட்டிலில் பிள்ளைகள். இஸ்தோப்பில் அழகனின் கூட்டாளிகள் சீட்டுக் கடதாசி விளையாடுவார்கள். ஒரு காம்பராவில் வேறு எங்கே இடமிருக்கிறது? மீனம்மா கதவு நிலையில் தோளைச் சாய்த்துக்கொண்டு தேத்தண்ணி குடிப்பாள். அந்த நிலைக்காலில் அவள் தோள் பட்ட இடம் எண்ணெய் ஏறி மினுங்குகிறது. நம்பாதவர்கள் வந்து தடவிப் பார்க்கலாம். கீழே பலகையைப் போட்டு உட்கார வேண்டியதுதானே என்பீர்கள். உட்கார்ந்து பார்த்தாள். உட்கார்ந்த உடனே யாராவது ஒருத்தர் "அக்கா", "அத்தே", "மதினி" என்று கூப்பிட்டு எழுப்பிவிடுவார்கள்.

இனி டவுனுக்கு வருகிறேன்.

எங்கள் டவுனின் பழைய பஜார் வெள்ளைக்காரன் காலத்தில் கட்டியது. கருங்கல் கடைகள், தூண் வைத்த முகப்புகள், நடுச்சந்தியில் துரைமாரின் குதிரைகளுக்குத் தண்ணீர் காட்டிய கல்தொட்டி. அதனால்தான் குதிரைத்தொட்டிச் சந்தி. எனக்குத் தெரிந்து அதில் குதிரை வாய் வைத்ததில்லை, போத்தல்தான் மிதந்தது. தூண்களின் மறைவில் ஆம்பளைகள் நின்று குடிப்பார்கள், அங்கேயே சுவரையும் நனைப்பார்கள். லொறிகள் சந்தியை அடைத்துக்கொண்டு நிற்கும். மூட்டை இறக்குகிற நாட்டாமைகள் போடுகிற சத்தத்தில் காது கிழியும். பெண்கள் அந்த வழியாகப் போக வேண்டி வந்தால் குடையைத் தாழ்த்திப் பிடித்து, முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுவோம். பஸ்ஸுக்கு நிற்பதுகூட எதிர்ப்பக்கம், மழைக்குள்ளே.

அந்தச் சந்தியைத்தான் புதுப்பிக்கிறோம் என்று தகரம் அடித்து மறைத்தார்கள். உள்ளே என்ன நடக்கிறது என்று ரொம்ப நாளைக்குத் தெரியவில்லை. தகரத்தைக் கழற்றியபோது எங்களுக்கு அடையாளமே தெரியவில்லை. தூண்களைச் சுரண்டிக் கழுவியிருந்தார்கள். தரை முழுக்க மட்டமாகக் கல் பதித்திருந்தார்கள். தொட்டியில் நல்ல தண்ணீர் ஓடியது. விளக்குக் கம்பங்கள், பூச்சாடிகள், மூன்று பாஷையில் ஒரு பெரிய பலகை. அப்புறம் பெஞ்சுகள். ஒவ்வொரு பெஞ்சுக்கும் நடுவில் ஓர் இரும்புக் கை. குடிகாரன் படுத்துத் தூங்கக் கூடாதென்று அப்படி வைத்தார்களாம்.

லொறி இனி உள்ளே வரக் கூடாது என்றுவிட்டார்கள். நாட்டாமைகள் ரயில் பாதைப் பக்கம் போனார்கள். அவர்களுக்குக் கஷ்டம்தான், சுற்றிச் சுமக்கிறார்கள். அதை இல்லை என்று சொல்ல மாட்டேன். குடிகாரர்களும் எங்கேயோ போனார்கள். அவர்களுக்காக நான் கவலைப்படவில்லை.

திறப்பு விழா முடிந்து வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, சாமான் வாங்க எங்கள் லயத்துப் பெண்கள் எல்லோருமாகப் போனோம். சந்தியின் ஓரத்துக்கு வந்ததும் எல்லோரும் நின்றுவிட்டோம். தரை அப்படிப் பளபளத்தது. விழாவுக்குக் கட்டிய பூமாலை இன்னும் தூண்களில் தொங்கியது. கோயில் வாசலிலும் துரை பங்களாப் படியிலும் நின்று பழகிய கால்கள் எங்களுடையவை. பளபளப்பைக் கண்டால் நாங்கள் சொல்லாமலே செருப்பைக் கழற்றிவிடும். நான் கழற்றினேன், வேலாயி கழற்றினாள், மீனம்மா கழற்றினாள். ஓரத்தில் செருப்பு குவிந்தது. குவியலைப் பார்த்துப் பின்னால் வந்தவர்களும் கழற்றினார்கள். வேறு தோட்டத்து ஆட்கள், முன்பின் தெரியாதவர்கள், எல்லோரும் கழற்றினார்கள். எல்லாம் ஒரே மாதிரி றப்பர் செருப்புகள்.

காவலுக்கு நின்ற சிங்கள மாத்தயா ஓடிவந்து, "அம்மே, மேக்க பன்சலக் நெமெய்!" என்று சிரித்தார். அம்மா, இது கோயில் இல்லை என்கிறார். எங்களுக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் போய் மாட்டிக்கொள்ள ஒருத்திக்கும் கால் வரவில்லை.

வெறுங்காலோடு சுற்றிப் பார்த்தோம். பெஞ்சுகள் சும்மா கிடந்தன. வெளிநாட்டுக்காரர்களுக்குப் போட்டது என்று நாங்களே முடிவு செய்துகொண்டு நின்றோம். அப்போது மீனம்மா போய் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தாள். இரும்புக் கையின் மேல் தன் கையை வைத்தாள், காலை நீட்டினாள். யாரும் அவளைக் கூப்பிடவில்லை.

"எந்திரி மீனம்மா, பஸ்ஸு வந்துருச்சு!" என்று வேலாயிதான் கத்தினாள்.

"நீங்க போங்க மதினி. நான் அடுத்த பஸ்ல வாறேன்."

மீனம்மா வாயிலிருந்து அப்படி ஒரு பேச்சு வந்து நாங்கள் கேட்டதில்லை. வேலாயிக்கு அன்றைக்கு முறுக்கிக்கொண்டது இன்னும் அவிழவில்லை. நான் மீனம்மாவோடு நின்றுவிட்டேன். கொஞ்ச நேரத்தில் மலையிலிருந்து மழை இறங்கிவிட்டது. எங்கள் ஊர் மழைக்கு முன்னறிவிப்பெல்லாம் கிடையாது. மிச்சமிருந்த எல்லோரும் ஓடிப்போய்க் குவியலில் கால் போன செருப்பை மாட்டிக்கொண்டு பஸ்ஸில் ஏறினோம். வீட்டுக்கு வந்து பார்த்தால் மீனம்மாவின் வலது காலில் அவள் செருப்பு. இடது காலில் வாரைக் கம்பியால் கட்டிய பெரிய ஆம்பளைச் செருப்பு. அதைத்தான் இஸ்தோப்பில் வைத்தாள். அதைத்தான் வேலாயி பார்த்தாள்.

இப்போது புரிகிறதா?

அடுத்த ஞாயிறு அந்தச் செருப்பை ஷொப்பிங் பேக்கில் போட்டுக்கொண்டு மீனம்மா சந்திக்குப் போனாள். துணைக்கு நான். அதே பெஞ்சில் உட்கார்ந்தோம். மாதா கோயில் பூசை முடிந்து வந்த கூட்டத்தில் ஓர் ஆள், நரைத்த மீசை, வெள்ளைச் சட்டை, கையில் பத்திரிகைத் தாளில் சுற்றிய பொட்டலம். பெஞ்சு பெஞ்சாகப் போய்ப் பெண்களின் காலைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

"என்னாங்க, பொம்பளைங்க காலப் பாத்துக்கிட்டு வாறீங்க?" என்று கேட்டேன்.

அவர் பொட்டலத்தைப் பிரித்தார். "தப்பா நெனைக்காதீங்கம்மா. இந்தச் செருப்பு யாரோடதுன்னு தேடுறேன். போன கெழம மழையில மாறிப்போச்சு. என் கால் பாதிதான் இதுல நொழைஞ்சுச்சு. வட்டவள வரைக்கும் குதிக்கால் தரையில பட்டுக்கிட்டே போனேன்."

மீனம்மா பேக்கிலிருந்து மற்றதை எடுத்தாள். "ஒங்க செருப்புக் கம்பி என் கால்ல குத்திப் புண்ணாயிருச்சு."

"உள்பக்கமாத்தான் மடக்கி வச்சேன்..."

"மடக்கின லட்சணம்!"

அந்த ஆள் சிரித்தார். பெயர் சிறில். வட்டவளையில் பேக்கரியில் பாண் போடுகிறவர். மனைவி இறந்து சில வருஷமாகிறது. ஒரே மகள் கல்யாணமாகிக் கொழும்பில். இதெல்லாம் நான் கேட்டுத் தெரிந்துகொண்டது. மீனம்மா ஒன்றும் கேட்கவில்லை. செருப்பு மாறியது, கதை முடிந்தது என்று எழுந்து போகலாம். அவர் பெஞ்சின் மறுபக்கத்தில் உட்கார்ந்தார். நடுவில் இரும்புக் கை. மீனம்மா கொஞ்சம்கூட நகரவில்லை.

அப்புறம் ஒவ்வொரு ஞாயிறும் இரண்டு பேரும் அங்கே உட்கார்ந்தார்கள். ஊரே நடந்து போகிற நடுச்சந்தியில், விளக்குக் கம்பத்துக்குக் கீழே, நடுவில் இரும்பை வைத்துக்கொண்டு. இதில் ஒளிவு எங்கே இருக்கிறது? அவர் பேக்கரியிலிருந்து சீனி தூவிய பணிஸ் கொண்டுவருவார். அங்கே சாப்பிடக் கூடாது என்று காவல்கார மாத்தயா விசில் ஊதுவார். மீனம்மா பணிஸை முந்தானைக்குள் வைத்துப் பிய்த்துப் பிய்த்துத் தின்பாள். எனக்கும் ஒன்று கொடுப்பார்கள். நான் ஒளிக்காமலே தின்றேன். என் வயசுக்கு விசில் ஊதினால் என்ன, ஊதாவிட்டால் என்ன?

ஒரு ஞாயிறு அந்த மாத்தயா சங்கடப்பட்டுக்கொண்டே வந்தார். தூண் முகப்புக்குள் புதிதாகக் காப்பிக்கடை போட்டவர் முறைப்பாடு சொன்னாராம். தோட்டத்து ஆட்கள் பெஞ்சுகளில் நாள் முழுக்க உட்கார்ந்திருந்தால் வெளிநாட்டுக்காரர்கள் எங்கே உட்காருவார்கள் என்று கேட்டாராம்.

"கொஞ்ச நேரம் இருந்திட்டு எழும்புங்க அம்மா," என்று தெரிந்த தமிழில் சொன்னார்.

மீனம்மா எழும்பவில்லை. "கொஞ்ச நேரம்னா எவ்வளவு நேரம் மாத்தயா? அந்தப் பலகையில போட்டிருக்கா?"

அவரும் நல்ல மனுஷன். நிஜமாகவே பலகைக்குப் போனார். சிங்களத்தை வாசித்தார். அதில் இல்லையென்று இங்கிலீஷையும் விரல் வைத்து வாசித்தார். திரும்பி வந்து, "ஒண்ணும் போடல்ல," என்றார்.

"அப்ப போடுற வரைக்கும் இருக்கேன்."

பக்கத்துப் பெஞ்சின் ஓரத்தில் தொட்டும் தொடாமலும் உட்கார்ந்திருந்த டிக்கோயாப் பக்கத்துப் பெண்கள் அதைக் கேட்டு நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார்கள். இப்போது ஞாயிற்றுக்கிழமை போய்ப் பாருங்கள். அந்தச் சந்தியில் நம் ஆட்கள்தான். செருப்போடுதான். முதலில் உட்கார்ந்தது யார் என்று ஒருத்திக்கும் நினைவில்லை, அதனால்தான் சொல்லி வைக்கிறேன்.

பேச்சு அழகன் காதுக்குப் போனது. யார் கொண்டுபோனார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரு சாயங்காலம் அவன் போட்ட சத்தம் எங்கள் காம்பராவுக்கு அப்படியே கேட்டது. சும்மா கேட்டுக்கொண்டிருக்க முடியாமல் நானும் போய் வாசலில் நின்றேன்.

"இனிமே டவுன் பக்கம் போகக் கூடாதுக்கா. மானம் போவுது. ரோட்டுல உக்காந்துக்கிட்டு..."

"ரோட்டுல இல்லடா. பெஞ்சுல."

"எதுல உக்காந்தா என்னா? ஒனக்கு வீடு இல்லையா? இங்க உக்காரு. வேணாம்னு யாரு சொன்னா?"

மீனம்மா நிலைக்காலிலிருந்து தோளை எடுக்காமலே வீட்டுக்குள் பார்த்தாள். நாற்காலியில் அவன். கட்டிலில் பிள்ளைகள். இஸ்தோப்பில் கடதாசிக் கூட்டம் விளையாட்டை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தது.

"எங்கடா?" என்றாள்.

கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே இடம் கேட்டாள். அவனும் சுற்றிப் பார்த்தான்.

அழகன் கெட்டவன் என்று நான் சொல்ல மாட்டேன். மறுநாள் டவுனிலிருந்து சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வந்தான். "இந்தாக்கா, ஒனக்குத்தான்," என்று நடுவீட்டில் வைத்தான். அவள் கைகழுவிவிட்டு வருவதற்குள் சின்னவன் ஏறி உட்கார்ந்துவிட்டான். மறுநாள் கடதாசி விளையாட ஒரு கை கூடியதால் நாற்காலி இஸ்தோப்புக்குப் போனது. அதற்கு மறுநாள் மழை, காயாத துணியெல்லாம் அதன் மேல் ஏறியது. துணியை எடுக்க யாருக்கும் மனசு வரவில்லை. ஞாயிறு வந்தபோது மீனம்மா அந்தத் துணிக் குவியலிலிருந்தே தன் சேலையை உருவிக் கட்டிக்கொண்டு சந்திக்குப் போனாள்.

அன்றைக்குச் சிறில் பணிஸ் கொண்டுவரவில்லை. கையைப் பிசைந்துகொண்டிருந்தார். நான் தொட்டியில் விழுகிற தண்ணீரைப் பார்க்கிற மாதிரி திரும்பிக்கொண்டேன். காது திரும்பவில்லை.

"வட்டவளையில என் வீட்டுல ரெண்டு நாக்காலி கெடக்குங்க," என்றார். "ஒண்ணுல நான் உக்காருவேன். மத்தது சும்மாதான் கெடக்கு."

மீனம்மா நடுவில் இருந்த இரும்புக் கையை விரலால் தடவினாள். அப்புறம், "நான் உக்காந்தா எந்திரிக்கச் சொல்ல மாட்டீங்களே?" என்றாள்.

"தேத்தண்ணி நானே ஊத்துவேன். பேக்கரிக்காரன், விடியுமுன்னயே எந்திரிக்கிறவன்."

"சீனி கொறைச்சுப் போடணும்."

சம்மதம் சொன்னது அவ்வளவுதான். வேலாயி பீலிக்கரையில் சொல்வதுபோல வேறு ஒன்றும் நடக்கவில்லை, நான் அங்கேதான் இருந்தேன்.

அழகன் என்னிடம் ஓடிவந்தான். "பெரியம்மா, நீங்களாவது எடுத்துச் சொல்லுங்க!"

"சொல்றேன்டா. போகட்டும்னு சொல்றேன்."

"அந்த ஆளு வேதக்காரனாச்சே!"

"அவரு போடுற பாணத்தான வருஷக்கணக்கா திங்கிற? அப்ப வேதம் தொண்டையில சிக்கலையா?"

"அக்கா போயிட்டா இந்தப் புள்ளைகளை யாரு பாக்கிறது? காலையில யாரு ரொட்டி சுடுறது?"

"இதக் கேட்டியே, இதுதான் நெஜம். மானம் கீனம்னியே, அதையெல்லாம் விடு."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவனுக்கும் அக்காவை விட மனசில்லை. இடுப்பில் சுமந்தவள் இல்லையா? பிரியந்திதான் உள்ளேயிருந்து, "ரொட்டி சுட எனக்குக் கையி இல்லையா? ஒங்களுக்கும்தான் ரெண்டு கையி இருக்கு," என்றாள். அந்தப் பெண்ணை நான் அதுவரைக்கும் வாயில்லாதவள் என்று நினைத்திருந்தேன்.

கல்யாணப் பதிவெழுத நாள் குறித்தார்கள். சிறில் சந்தியில், அதே பெஞ்சில் காத்திருப்பதாக ஏற்பாடு. அங்கிருந்து பதிவு கந்தோருக்குக் கூப்பிடு தூரம்தான்.

அன்றைக்குக் காலையில் மீனம்மா கத்தரிப்பூ நிறச் சேலை கட்டினாள். பிள்ளைகள் காலைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். அழகன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். பை இஸ்தோப்பில் தயாராக இருந்தது. எதிர் லயத்தில் வேலாயி கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றாள். அப்போது பிரியந்தி, சிவப்பு நாற்காலியில் இருந்த துணியையெல்லாம் அள்ளிக் கட்டிலில் போட்டாள். முந்தானையால் நாற்காலியைத் துடைத்தாள். ஒரு குவளைத் தேத்தண்ணியோடு வந்து, "உக்காருங்க மதினி," என்றாள்.

மீனம்மா உட்கார்ந்தாள். தேத்தண்ணியை ஊதி ஊதிக் குடித்தாள். பாதிக் குவளை இருக்கும்போதே கீழ் வளைவில் பஸ்ஸின் ஹோர்ன் கேட்டது.

அழகன் பதறித் திரும்பினான். "அக்கா, பஸ்ஸு வந்துருச்சு! எந்திரி!"

"போகட்டும்டா. அடுத்த பஸ்ல போறேன்."

"அவரு காத்துக்கிட்டு இருப்பாரே!"

"இருக்கட்டும். பெஞ்சு இருக்கில்ல."

கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தாள். எழுந்து குவளையை அழகன் கையில் கொடுத்து, "கழுவி வை," என்றாள். பிள்ளைகளை ஒவ்வொன்றாகத் தூக்கி முத்தம் கொடுத்து இறக்கினாள். பையை எடுத்துத் தோளில் போட்டாள். செருப்பை மாட்டிக்கொண்டு, அந்த ஒரு பக்கச் சாய்வோடு படியில் இறங்கிப் போனாள். அழகன் குவளையைப் பிடித்தபடியே நிலைக்காலில், அந்த மினுங்குகிற இடத்தில், தோளைச் சாய்த்துக்கொண்டு நின்றான்.